மாடனுக்கென்று வளர்த்த நாலு செடி

தென்காசி,
வெகுதானிய வருஷம், ஆடி 27.

சிரஞ்சீவி தம்பி குத்தாலிங்கத்துக்கு அண்ணன் வல்லிநாயகம் எழுதிக்கொண்டது. காசி விசுவநாதர் புண்ணியத்தில் நானும் உன் மதினி மங்களேஸ்வரியும் சுகம். புனலூரில் நீயும் வடிவாம்பாளும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் கழித்து என் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே காலை ரயிலில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கடிதாசி எழுத எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. எழுத உட்கார்ந்தபோது பேனா மை உறைந்து கிடந்தது. அதையும் உன் குற்றமாகவே முதலில் நினைத்தேன்.

காரியத்துக்கு வருகிறேன். ஆவணி கடைசிச் செவ்வாய்க்கிழமை இலத்தூரில் நம் குலசாமி மாடனுக்குக் கொடை விழா. நீ வர வேண்டும். வா என்று ஒற்றை வரியில் எழுதினால் நீ வரமாட்டாய். அப்பாவுடைய பிடிவாதத்தில் பாதியைப் பங்கு வாங்கிக்கொண்டு போனவன் நீ, மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. ஆகையால் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன். போன வருஷக் கொடையில் சாமியாடி பலவேசம் ஆடிக்கொண்டே வந்து நேரே என் முன்னால் நின்றான். பென்ஷன்காரன், சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் என்ற மட்டு மரியாதை ஒன்றும் இல்லை. “ஏலே வல்லிநாயகம், ஒங்கப்பன் வச்ச எல எங்கலே? ரெண்டு பேரு நிக்க எடத்துல ஒருத்தன் நிக்கியே, இன்னொருத்தன் எங்கலே?” என்று ஊர் முன்னால் கேட்டான். நான் திருநீறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்று முதல் என் பின்னாலேயே நடந்து வருகிறது.

இலை சமாசாரம் உனக்குத் தெரிந்ததுதான். அப்பா ஒவ்வொரு கொடைக்கும் ஒரு சுருட்டும் ஒரு கை கஞ்சா இலையும் மாடன் காலடியில் வைப்பார். கடையில் வாங்கினது ஆகாது, வீட்டு ஆள் கைபட வளர்த்ததாக இருக்க வேண்டும் என்பது நம் வீட்டு முறை. அப்பா போன பிறகு, கள்ளு சாராயம் கஞ்சா பார்க்கிற சர்க்கார் இலாகாவில் சம்பளம் வாங்குகிற நான் அதை எப்படி வைப்பேன்? இனிமேல் மாடன் சுருட்டோடு திருப்திப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அடுத்த ஆவணியில், சித்தார்த்தி வருஷம், இலத்தூர் வயலுக்கு வந்தேன். மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணற்று ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஐந்து விரல் இலையோடு ஒரு பாத்தி நிறைய நிற்கிறது. என் மேலதிகாரி அன்று சாயங்காலம் செங்கோட்டைப் பக்கம் சோதனைக்கு வருகிறார். அவர் கண்ணில் பட்டால் உனக்கு ஜெயில், எனக்கு வேலை போச்சு. நான் என்ன செய்தேன்? ஒரு செடி விடாமல் பிடுங்கி, மண்ணெண்ணெய் விட்டு அங்கேயே கொளுத்தினேன். நீ என்னவோ கத்தினாய். பிடிபட்டவன் எவன் ஆமாம் கஞ்சாதான் என்று ஒப்புக்கொண்டான்? ஒருவன் மருந்து என்பான், ஒருவன் செவ்வந்தி என்பான், நீ கீரை என்றாய். ஊர்க்காரர் நாலு பேர் வரப்பில் நின்று பார்த்தார்கள். மறுவாரம் நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிவாம்பாளோடு ரயிலேறிவிட்டாய். உன்னை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றிய அண்ணனுக்கு இதுதான் மரியாதையா என்று நான் பல வருஷம் பொருமியிருக்கிறேன். போகட்டும், உன்னை மன்னித்துவிட்டேன். அதோடு, இந்த வருஷம் மாடனுக்கும் உனக்கும் சேர்த்து ஒரு காரியம் செய்திருக்கிறேன். என் வீட்டுப் புழக்கடையில் நானே கைபட அந்தச் செடியை வளர்த்துவிட்டேன். படித்ததும் இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடு.

விதைக்கு நான் பட்ட பாடு உண்டு. பங்குனியில் இலத்தூருக்குப் போனேன். கமலைக் கிணற்று ஓரத்தில் நீ போட்ட வித்து இன்னும் சாகவில்லை. வருஷா வருஷம் தானாக விழுந்து தானாக முளைக்கிறதாம். காய்ந்த தண்டில் காய் தொங்கியது. நான் துண்டை விரித்து உதிர்த்துக்கொண்டிருந்தேன். குத்தகைக்காரன் வந்து, “இது எதுக்குங்கய்யா, கேட்டா நான் வீட்டுல கொண்டாந்து தர மாட்டனா?” என்றான். உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்றேன். அவன் சிரித்தான். குடியானவனுக்கும் சட்ட பயம் விட்டுப்போன காலமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். வீட்டில் உன் மதினியிடம் அது சாமி காரியம், அதைத் தொடாதே, அதைப்பற்றி யாரிடமும் பேசாதே என்று சொல்லி வைத்தேன். அதன் பெயரை நான் வாயால் சொல்லவே இல்லை. சுவருக்கும் காது இருக்கிற தெரு நம் தெரு.

நாலு செடி தப்பிப் பிழைத்தது. நாலே செடியில் மாடன் பத்தொன்பது வருஷ பாக்கிக்கு வயிறு நிறைய வேண்டுமே என்று எனக்குக் கவலை. நல்லவேளை, முப்பது வருஷம் கஞ்சா வழக்குகளில் வாக்குமூலம் எழுதியவன் நான். பிடிபட்டவன் முதலில் எவ்வளவு மறுத்தாலும் கடைசியில் தன் விவசாயத்தைப் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைப்பான். ஒருவன் ஆட்டுப் புழுக்கை என்றான், ஒருவன் அடுப்புச் சாம்பல் என்றான், ஒருவன் செடியைத் திட்டாமல் வளர்க்க வேண்டும் என்றான், பண்பொழிக்காரன் ஒருவன் மீன் கழுவின தண்ணீர் விட்டால் கூரைக்கு மேலே போகும் என்றான். எல்லாம் செய்தேன். சைவ வீட்டில் மீன் தண்ணீருக்கு எங்கே போக? பின்வீட்டு ஹாஜரா பீவியிடம் கேட்டு வாங்கினேன். அந்த அம்மாள் மகன் சேக் தாவூது தினமும் ஒரு செம்பை மதிலுக்கு மேலே நீட்டுவான், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்குவேன். மூன்றாம் நாள் ஊர்ப் பூனைகள் எல்லாம் புழக்கடையில் வந்து கொலுவிருந்தன. உன் மதினி ஒரு நாளைக்கு இரண்டு தரம் தலைமுழுகினாள். பென்ஷன் வாங்கினால் மனுஷருக்கு இப்படியும் ஆகுமா என்று கேட்டாள். செடி மட்டும் ஜம்மென்று வளர்ந்து மதிலுக்கு மேலே தலையை நீட்டியது. தண்டில் சின்னச் சின்ன முள்ளும் வந்தது. சத்து ஏறுகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனி கடைசியில் ஹாஜரா பீவியின் வெள்ளாடு மதிலேறி வந்து ஒரு செடியை அடியோடு தின்றுவிட்டது. தின்றது அங்கேயே படுத்தது. கண் சொருகிவிட்டது, பெருமூச்சு விடுகிறது, எழுப்பினால் எழும்பவில்லை. என் கையால் ஒரு வாயில்லாப் பிராணிக்குக் கஞ்சா ஊட்டிவிட்டேனே என்று செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டிருந்தேன். ஹாஜரா பீவி வந்து பார்த்துவிட்டு, “ஆட்டுக்கு மாசம் நெறஞ்சு கெடக்கு, நீங்க எதுக்குத் தம்பி கண்ணு கலங்குதிய?” என்று கேட்டாள். அன்று அந்தியில் அது இரண்டு குட்டி போட்டது. என்றாலும் அந்த மயக்கம் பிரசவ மயக்கம் மட்டும் இல்லை என்பது அனுபவஸ்தனான எனக்குத் தெரியாதா?

ஏன் அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் செடியின் காற்று என்னையும் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு பீடி தொட்டறியாதவன் நான். இந்த ஆடிச் சாரலில் காலையில் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும், மனசு எங்கேயோ போய்விடுகிறது. அப்பா நம் இரண்டு பேரையும் வண்டியில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவாரே, உனக்கு ஐந்து வயசு இருக்கும். தலையில் எண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்ப்பார், உனக்கு எண்ணெய் கண்ணில் இறங்கிவிடும், நீ அழுவாய். பேரருவிச் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடிப்பாய். ‘அண்ணாச்சி, கைய விட்ராதிய’ என்பாய். தண்ணீர் மண்டையில் அடிக்கிற அடியில் அப்பா எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. நான் ஒரு கையில் உன் கையையும் ஒரு கையில் உன் குடுமியையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெளியே வந்தால் உதடு நீலம் பாரித்து நடுங்குவாய். அப்பா சுக்குத் தண்ணீர் வாங்கித் தருவார், நீ பாதி குடித்துவிட்டு மீதியை எனக்கு வைப்பாய். மங்குஸ்தான் பழத்தில் சுளை எண்ணிப் பார்த்து, ஒன்று கூட இருந்தால் அதை எனக்குத் தருவாய். இதெல்லாம் நாற்பது வருஷமாக எனக்கு ஞாபகம் வந்ததில்லை. இப்போது தினமும் வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது. உன் மதினி, என்ன, கண் வலியா என்று கேட்கிறாள். இது என் சுபாவம் இல்லை, முழுக்க முழுக்க அந்தச் செடியின் லாகிரி. நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.

இதற்கு நடுவே போன வாரம் பெரிய கண்டம் ஒன்று தப்பியது. எங்கள் இலாகாவுக்குப் புதிதாக நல்லதம்பி என்று ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். மூத்தவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மரியாதைக்கு வீட்டுக்கு வந்தார். காபி குடித்தவர் கை கழுவப் புழக்கடைக்கு நடந்தார். நான் ஓடிப்போய் உன் மதினியின் புடவையைச் செடி மேல் போட்டேன். காற்று அதை எடுத்துவிட்டது. அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புன்னகை செய்தார். “நல்லா வளத்திருக்கியளே சார். ஒரு கை பறிச்சுத் தந்தியன்னா வீட்டுல சந்தோசப்படுவா” என்றார். தம்பி, பெண்டாட்டிக்குக் கஞ்சா கேட்கிற இன்ஸ்பெக்டரை நீ பார்த்திருக்கிறாயா? நான் ஒரு கை பறித்து, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெரு வழியே பகிரங்கமாகப் போகிறார். நான் வேலை பார்த்த காலத்து இலாகா எங்கே, இது எங்கே என்று எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

ஆக, மூன்று செடி பாக்கி. மாடனுக்குப் போதும். அப்பா நின்ற இடத்தில் நான் இலையை வைப்பேன், நீ சுருட்டை வை. அப்பா காலத்தில் நாம் இரண்டு பேரும் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்போமே, அந்த மாதிரி நிற்க வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு ஆகிறது. அடுத்த கொடைக்கு நிற்பது நானோ நீயோ யாருக்குத் தெரியும்? தப்பு உன் பேரில் இருந்தாலும் முதலில் எழுதினவன் நான் என்பதை மாத்திரம் மறக்க வேண்டாம்.

வடிவாம்பாளுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு, முகம் அறியாத பெரியப்பாவின் ஆசிகள். குற்றாலநாதர் உங்கள் எல்லாரையும் சாரலில் நனைந்தும் சளி பிடிக்காமல் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
உன் நலம் கோரும் அண்ணன்,
வல்லிநாயகம்.

பின்குறிப்பு: ஆடி 28, காலை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் செடிக்குத் தண்ணீர் விடப் போனேன். ஒரு பூ பூத்திருந்தது. வெண்டைப்பூ மாதிரி வெளிறின மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமும் நான் பார்த்ததெல்லாம் மூட்டையில் காய்ந்து வந்த கஞ்சா. நட்ட செடியாகப் பார்த்தது இலாகாப் புத்தகத்தில் இருக்கிற கறுப்பு மைப் படம் ஒன்றைத்தான். அதில் ஐந்து விரல் இலை இருந்தது, பூ இல்லை. நான் பூவைப் பார்த்தபடி நிற்கையில் உன் மதினி வந்தாள்.

“புளிச்சை பூத்துட்டு பாருங்க. இனி எல முத்திரும். இன்னைக்காவது பறிச்சுக் கடையட்டுமா?” என்றாள்.

“இது புளிச்சக்கீரையா?” என்றேன்.

“பின்னே, நீங்க என்னன்னு நெனச்சு வளத்திய?”

ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். புளித்தது. சித்தார்த்தி வருஷம் வரப்பில் நின்று நீ கத்தினது வார்த்தைக்கு வார்த்தை எனக்குக் காதில் விழுந்தது. ‘அண்ணாச்சி, இது புளிச்சை. கமலை வடத்துக்கு நாரு எடுக்கப் போட்டிருக்கேன். ஒரு எலைய வாயில போட்டுப் பாருங்க.’ கடமையில் இருக்கிறவன் தடயத்தைத் தின்னக் கூடாது என்று நான் சொன்னேன். மற்றவர்களிடம் பிடித்ததெல்லாம் மேலதிகாரி கண்ணுக்கும் ரசாயனப் பரீட்சைக்கும் போய்த்தான் முடிவாகும். நீ என் தம்பி என்பதால் உன்னுடையதை மட்டும் யாருக்கும் காட்டாமல் கொளுத்தினேன். காட்டியிருந்தால் கீரை என்று எவனாவது சொல்லியிருப்பான்.

ஆகவே மேலே உன்னை மன்னித்ததாக எழுதியிருப்பதை அடித்துப் படி. ஆடு பிரசவ வேதனையில்தான் படுத்தது. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், அவர் வீட்டில் அன்று கீரை கடைந்திருப்பார்கள். அருவியும் எண்ணெயும் உன் குடுமியும் எனக்கு ஞாபகம் வந்ததற்கு லாகிரி காரணமில்லை. கீரைக்கு ஏது லாகிரி? வேறு கடிதாசி எழுத எனக்குத் தைரியம் வராது, அதனால் இதையே அனுப்புகிறேன். நீ கையை விடாதே என்றாய். நான் விட்டுவிட்டேன், தம்பி. தப்பு என்னுடையது.

மாடன் கேட்ட இரண்டு கேள்வியில், இலைக்கு இந்த வருஷமும் என்னிடம் பதில் இல்லை. மற்றதற்காவது பதில் சொல்ல வேண்டும். காலை ரயிலில் ஏறு. கீரை முத்துவதற்குள் வந்துவிடு.