ராணி கதையின் கடைசி வரி

எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டக் குறிப்பேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பதினோரு பக்கங்கள் இருக்கின்றன. பதினொன்றும் ஒரே மனிதர் பேசியது. எழுதியவன் நான்.

கோவில்பட்டியில் அவரிடமிருந்து முழுசாகத் தப்பிய வாக்கியம் கிடையாது. தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. எங்களுக்கு அவர் கட்டவிழ்ப்பு அண்ணாச்சி. எந்த எழுத்தும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும், அதைப் பிரித்துக் காட்டுவதே வாசிப்பு என்பார். டீக்கடையில் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று எழுதியிருந்தது.

“இந்தக் கடையில ஓயாம அரசியல் பேசுதது ஒங்க போர்டு ஒண்ணுதான்” என்றார்.

“டீயக் குடிச்சிட்டு எந்திரிங்க அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.

சொந்த மருமகனின் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்து, அதில் பெண்ணின் சம்மதத்துக்கு இடமே இல்லை என்று நிறுவினார். பந்தியில் அவருக்கு இலை போட ஆள் வரவில்லை.

அந்த ஞாயிறு, தீப்பெட்டி ஆலையில் வேலைபார்க்கும் ராணி கடம்பூரிலிருந்து வந்து தன் முதல் கதையை வாசித்தார். ஆலை வேன் விட்டுவிட்டுப் போன காலையில் ஒரு பெண் என்ன செய்தாள் என்பது கதை. அண்ணாச்சி ஒவ்வொரு வாக்கியமாகப் பிடித்தார்.

“வேன் இருக்கு, டிரைவர் இருக்கான், மேஸ்திரி இருக்கான். அவ எங்கம்மா? ஒங்க கதையில அவளத்தான் காணோம்.”

ராணி நோட்டை மூடினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நானும் அண்ணாச்சியும் கடம்பூர் போனோம்.

“அந்தக் கதைய அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. எனக்கு எதுக்கு எழுத்து?”

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் அவரோடு உடன்பட்டிருந்தார்.

மறுநாள் அண்ணாச்சி குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். எங்கள் வட்டத்தில் விமர்சனத்தைத்தான் பதிவுசெய்வோம், கதையை அல்ல. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆனால் அவர் தாக்குவதற்காக எடுத்துச் சொன்ன வாக்கியங்களைச் சொல் பிசகாமல் குறித்திருந்தேன். அவற்றை உருவி, வரிசைப்படுத்தி, கதையை மறுபடி எழுதிவிட்டார். கடைசி வரி மட்டும் இல்லை.

“அத ஏன்வே குறிக்கல?”

“நீங்க அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி.”

“சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லவே. அம்புட்டு நல்லா இருந்துச்சு.” குறிப்பேட்டை மூடிவிட்டு, “அத அங்கன வச்சே சொல்லியிருக்கணும்” என்றார்.

முடிவில் ஒரு வரிக்கு இடம்விட்டு, கதையைத் தபாலில் ராணிக்கு அனுப்பினார். மூன்று மாதம் அச்சக வாசலில் தபால்காரரை வழிமறித்தார். பதில் வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஒரே வாரத்தில் போய்விட்டார்.

ராணி அந்த இடத்தை நிரப்பிவிட்டதாகவும், இப்போது வேறொரு கதை எழுதுவதாகவும் கடம்பூர்க்காரர் ஒருவர் போன வாரம் சொன்னார். நேரில் போய்க் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதனால் குறிப்பேட்டில் உறுதிசெய்யப்படாத தகவல் என்றே குறித்திருக்கிறேன். அண்ணாச்சி இறந்த தேதிக்குக் கீழே, அவர் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய எழுத்தில்.