சேற்றில் நின்ற படகு வீடு

தண்ணீரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் பிறந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. (எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போக அரை மணி நேரம் சைக்கிள் உழக்க வேண்டும். நீந்தவும் தெரியாது.)

என் மனைவி வாசுகியின் அண்ணன் ரவீந்திரன், தன் மனைவி தேவியோடு ரொறன்ரோவிலிருந்து சிட்னியில் எங்கள் நார்த்மீட் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் கலியாணத்தை அந்தக் காலத்தில் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். காரணத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. திரும்பிப் போகும்போதாவது, தங்கச்சி நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

ஒப்பேரா ஹவுஸைக் காட்டினேன். "படத்தில பெரிசாத் தெரிஞ்சது" என்றார். மலைகளைக் காட்டினேன். "எங்கட பக்கம் இதுக்கு மேல பனியும் கிடக்கும்" என்றார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கார் நிறுத்த வசதி நல்லது என்றார். சுவாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றில் ஒரு படகு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். படுக்கை, குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓட்டுவதற்கு லைசென்ஸ் கூடத் தேவையில்லை. (தேவையென்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.)

படகுக்காரர் அரைக்காற்சட்டையோடு வந்து விளக்கம் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் பாதி மூக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. கடல் ஏறி இறங்குவதைப் பற்றி ஏதோ சொன்னார். கரைக்குக் கிட்டப் போகாதே என்றார். தண்ணீர்த் தொட்டி சின்னது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மச்சான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதோடு, கடல்தானே ஏறி இறங்கும், இது ஆறு என்றும் நினைத்தேன். அந்த ஆறு கொஞ்சத் தூரத்தில் கடலோடு சேருகிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

புறப்பட்டபோது எல்லாம் அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் மஞ்சள் பாறைச் சுவர்கள், அடியில் கண்டல் மரங்கள், கூழைக்கடாக்கள். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கப்பலோட்டிப் பழகியவன் மாதிரிக் கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்த்தேன். ஒரு சின்னக் கிளை ஆற்றுக்குள் மரங்கள் தண்ணீரில் சாய்ந்து நின்றன. மச்சான் அதைப் பார்த்து, "இது வடிவுதான்" என்றார்.

வந்த நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. படகைத் திருப்பி, அந்தக் கிளைக்குள் விட்டு, கரைக்குக் கிட்டக் கொண்டுபோய் நங்கூரம் போட்டேன்.

"இஞ்சேருங்கோ, கரைக்குக் கிட்டப் போகவேண்டாம் எண்டெல்லோ அந்த ஆள் சொன்னவர்" என்றாள் வாசுகி.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

கணவாய் மீன் கறியும் சோறும் சாப்பிட்டோம். சாப்பிட்டவுடன் எல்லோரும் படுத்துவிட்டோம். தேத்தண்ணிக் கோப்பை ஒன்று மேசையில் தானாக வழுக்கிப்போய் விழுந்து உடைந்த சத்தத்தில்தான் கண் விழித்தேன். படகு ஒரு பக்கம் சரிந்து நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை. கறுப்புச் சேறு. அதில் நண்டுகள் ஓடித் திரிந்தன.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் சும்மா இருந்திருப்பான். நான் எஞ்சினை முடுக்கினேன். பின்பக்கம் என்ன நடக்கிறதென்று பார்க்கப் போன தேவி மச்சாளின் வெள்ளைச் சட்டையிலும் முகத்திலும் சேறு வாரி அடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் இறங்கித் தள்ளுறன்" என்றேன்.

"இதையோ?" என்றார் மச்சான். "இது வீடடாப்பா."

இறங்கினேன். தொடை வரைக்கும் புதைந்தேன். ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் உள்ளே போனது. கடைசியில் மச்சான் நங்கூரக் கயிற்றை எறிந்து, வாசுகியும் அவருமாகச் சேர்ந்து என்னை மரவள்ளிக்கிழங்கு பிடுங்குவது மாதிரிப் பிடுங்கி எடுத்தார்கள். காலில் கிடந்த சப்பாத்து இரண்டும் சேற்றோடு போயின. தூரத்தில், ஆழமான பக்கமாகச் சின்னப் படகில் மீன் பிடிக்கப் போன ஒருவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார்.

படகுக்காரருக்கு போன் போட்டேன். அவர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. பின்னேரம் தண்ணீர் தானாக வரும், அதுவரைக்கும் ஒரு பியர் குடி என்றார்.

சேற்றைக் கழுவக் குளியலறைக்குள் போனேன். அந்தப் படகில் சுவர் என்பது ஒரு மெல்லிய மட்டை. அதற்கு மறுபக்கம் மச்சானும் வாசுகியும் உடைந்த கோப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல மனுசன்தான்" என்றார் மச்சான். "ஆனா ஒண்டையும் முழுசாக் கேக்கமாட்டார். எல்லாம் தெரிஞ்ச மாதிரித் தலையாட்டுவார். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே கவனிச்சனான். அம்மாவிட்டயும் சொன்னனான்."

வாசுகி எனக்காகப் பேசுவாள் என்று சவர்க்கார நுரையோடு காத்து நின்றேன்.

"விடுங்கோ அண்ணா" என்றாள். "எனக்குப் பழகிட்டுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதிருந்தாலும் போய்ச் சமாதானம் சொல்லியிருக்கலாம். லிட்கம் பக்கம் இருந்த எங்கள் பழைய வாடகை வீட்டில் குசினிப் பைப் ஒழுகுவதைப் பற்றி விருந்தாளிகளுக்குச் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

எனக்குக் கேட்டதென்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தொட்டி வற்றிவிட்டது. பாதிச் சேறும் பாதிச் சவர்க்காரமுமாக வெளியே வந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பின்னேரம் தண்ணீர் வந்தது. படகு மெல்ல நிமிர்ந்து, யாருடைய உதவியும் இல்லாமல் மிதந்தது. சுக்கானை மச்சான் பிடித்தார். அவர் ஆற்றின் நடுவாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

ரொறன்ரோ போவதற்கு ஏர்போர்ட்டில் விடைபெறும்போது என் தோளில் தட்டி, "கப்டன், போயிட்டு வாறன்" என்றார். அவர் சொன்ன ஒரு வார்த்தை அதுதான். அது இரண்டு நாட்டுக்கும் பரவிவிட்டது. இப்போது சொந்தக்காரர் ஒருவரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்தநாள் கேக்கிலும் 'கப்டன்' என்றுதான் எழுதுகிறார்கள்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் வாசுகிதான் மிக நன்றாகச் சொல்லுவாள். நண்டு, கிழங்கு, தொப்பி தூக்கிய மனிதர் எல்லாம் அதனதன் இடத்தில் வரும். குளியலறையின் மட்டைச் சுவர் மட்டும் வராது. போன மாதம் எங்கள் புது மருமகனுக்குச் சொன்னாள். அவர் கோயம்புத்தூர்க்காரர், தன்மையான பிள்ளை. கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லவேளை மாமா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை தம்பி, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றேன். வாசுகி நான் கேட்காமலே என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள்.