ராஜா பிடரியின் பதினோரு கிளைகள்

ஒரு காட்டில் காய்ச்சல் வந்தது. மான், பன்றி, முயல் என்று ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தது. கடைசியில் காட்டுக் காவலர் பொன்னுரங்கத்தையும் கம்பளிக்குள் சுருட்டிவிட்டது. உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த உண்ணி யார் வீட்டு உண்ணி என்பதில்தான் தகராறு.

"வேற யாரு? ஊர்லேர்ந்து வந்த நாய்தான்!" என்றது மந்திரி நரி. மூன்று நாளில் காட்டைக் காலி செய்யும்படி செவலை என்ற நாய்க்கு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

செவலை பாவம். நாய் பிடிக்கிற வண்டிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவள். ஆலமர வேர்ச் சந்தில் நாலு குட்டி போட்டிருந்தாள். ஒன்றுகூட இன்னும் கண் திறக்கவில்லை. அதுகளைக் கவ்விக்கொண்டு எங்கே போவாள்? நேரே சிங்கராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"மகாராஜா, எல்லார் ரத்தத்தையும் சோதிச்சுப் பாருங்க. என்னாலதான்னு தெரிஞ்சா நானே போயிடறேன்."

ராஜா பிடரியைச் சொறிந்துகொண்டே சரி என்றார். அந்தப் பிடரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காட்டில் எல்லோர் முதுகிலும் உண்ணி பொறுக்குகிற மைனாக்கள் அதை மட்டும் தொடக் கூடாது. அரச தலையில் அலகு வைப்பது மரியாதைக் குறைவாம். அவர் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான்.

முகாம் போட்டார்கள். பரிசோதகர் முள்ளம்பன்றி என்பதால் ஊசிக்குப் பஞ்சமில்லை. வரிசையில் நின்றவர்களுக்குப் படிவம் வேறு: பெயர், குகை எண், உடம்பிலுள்ள உண்ணிகள் (தோராயமாக). ஆமை வந்து சேர்வதற்குள் முகாமே முடிந்துவிட்டது. மரத்தடியில் தூங்கிய பொன்னுரங்கத்துக்கும் ஒரு குத்து விழுந்தது. "சனியன் பிடிச்ச கொசு" என்று அவர் புரண்டு படுத்தார்.

மறுநாள் முள்ளம்பன்றி செவலையைத் தனியாகக் கூப்பிட்டது.

"தங்கச்சி, உன்கிட்ட ஒரே வகைக் கிருமிதான். பொன்னுரங்கத்துக்கிட்டயும் அதேதான். மான்கிட்ட ரெண்டு. ராஜாகிட்ட பதினொண்ணு!"

"அதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

"ரொம்ப நாள் குடியிருந்த வீட்டுலதான் கிருமி பல கிளையாப் பிரியும். நேத்து வந்த வீட்டுல ஒண்ணுதான் இருக்கும். காய்ச்சல் கிளம்பினதே ராஜா பிடரியிலேர்ந்துதான். இந்தா அறிக்கை. சபையில நீயே சொல்லிடு. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல."

செவலைக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சபையில் நரி அறிக்கையைப் பிடுங்கி எண்களை மட்டும் படித்தது.

"ராஜாவுக்குப் பதினோரு வகை! காட்டுலயே முதலிடம்! நாய்க்கு ஒண்ணே ஒண்ணு!"

மான் இருமிக்கொண்டே கைதட்டியது. ராஜாவுக்கு மாலை விழுந்தது.

"ஒண்ணுதானா?" என்று ராஜா முகம் சுளித்தார். "இந்த மாதிரி இல்லாததுகளை வெச்சுக்கிட்டா காட்டுக்கு என்ன கௌரவம்? விடிஞ்சதும் அனுப்பிடுங்க."

செவலை வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. ராஜாவின் நகங்களைப் பார்த்தாள், குட்டிகளை நினைத்தாள். அந்த உண்மையை விழுங்கிவிட்டு, அதே அறிக்கையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"மகாராஜா, என்கிட்ட இருக்கிற ஒண்ணும் உங்க பதினொண்ணுல பிரிஞ்சதுதான். நாலாம் பக்கத்துல போட்டிருக்கு. உங்க வீட்டுக் கிளைதான் என் ரத்தத்துல ஓடுது."

ராஜா நாலாம் பக்கத்தைத் திருப்பினார்.

"அப்படின்னா நீ நமக்குச் சொந்தமா?"

"பெரியப்பா!" என்று காலில் விழுந்தாள் செவலை.

ராஜா அவளைத் தூக்கி நிறுத்தினார். நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார்.

அன்று சாயங்காலம் பிடரி உண்ணியிடம் ஒரு கடி வாங்கக் காடே வரிசையில் நின்றது. இந்த முறை ஆமைதான் முதல் ஆள். ரத்தத்தில் ஒரு வகைகூட இல்லாத மந்திரி நரி, பதவி போய்விடுமோ என்று பதறி, "செவலையம்மா, ஒரு உண்ணிக்குச் சிபாரிசு பண்ணுங்க" என்று பின்னாலேயே அலைந்தது.

செவலை சிபாரிசு செய்தாள். அப்புறம் ஆலமரத்தடிக்குப் போய், மைனாவைக் கூப்பிட்டு, குட்டிகளின் முதுகை ஒன்று விடாமல் பொறுக்கச் சொன்னாள்.

நீதி: பெரிய இடத்துக் கிருமி ஒட்டிக்கொண்டால் முதலில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடு, மாத்திரையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.