அக்கா வீட்டில் தங்கிவிட்ட இலைத்தட்டு

லா ஷப்பல், பாரிஸ்
12.05.1987

மதிப்புக்குரிய இம்மாகுலேற் அக்காவுக்கு,

இரண்டரை வருடம் பொறுத்தது போதும். நாங்கள் மாதா காவலில் சுகம். பியர்ஃபித்தில் நீங்களும் வலன்ரைன் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் தட்டும் சுகம்தானே?

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த நான் இங்கே றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுவது உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க ஊரார் எச்சில் கழுவுகிறவனுக்கு, யாரும் சாப்பிடாத தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு ஆறுதல் என்பது அத்தானுக்கு விளங்காது. கோயில் வாசலில் என்னைப் "பைத்தியம்" என்றாராம், நான் மறக்கவில்லை. பழஞ்சாமான் சந்தையில் ஞாயிறு ஞாயிறாக அலைந்து, விக்ரோறியா ராணி காலத்து மஜோலிக்காப் பீங்கானில், பச்சை மெருகிட்ட இலை வடிவப் பரிமாறும் தட்டுகள் ஆறு சேர்த்தேன். 84 மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு, என் மனிசி ஞானமலர், வீட்டில் வேறு தட்டே இல்லாததுபோல, அதில் ஒன்றில் பயத்தம்பணியாரம் வைத்து உங்களுக்குக் கொடுத்தனுப்பினாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று நீங்கள் வைத்துக்கொண்டீர்கள், சரி. முறுக்குச் சுட்டீர்களாம், கோயில் சுவாமியார் வந்து சாப்பிட்டுவிட்டாராம். தொதல் கிண்டினீர்களாம், அத்தான் மிச்சம் விடவில்லையாம். பொறுக்கமாட்டாமல் போன வருசம் நேரே வந்து, "வெறுமையாவே தாங்கோ அக்கா" எண்டு கேட்டன். "உன்ரை வீட்டிலை இல்லாமை வரட்டும் எண்டோ? இரு தம்பி, அரியதரம் சுட்டுத் தாறன்" எண்டு அரிசியை ஊறப்போட வெளிக்கிட்டியள். தட்டு ரீவிக்கு மேலை பூச்சாடியைச் சுமந்துகொண்டு நிக்குது. தேத்தண்ணியும் குடிக்காமல் இறங்கி வந்திட்டன். அண்டு தொட்டு நீங்களும் வரேல்லை, நானும் வரேல்லை.

வாற ஞாயிறு மகள் செசிலுக்குக் கோயிலிலை புதுநன்மை, முதல் நற்கருணை. "மாமி வருவாவோ" எண்டு பிள்ளை பிரெஞ்சிலை கேக்கிறாள். நான் மிச்ச அஞ்சு தட்டையும் துடைச்சு வைக்கிறன். அண்டைக்கு ஆறு தட்டையும் மேசையில் அடுக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைக்குள் தட்டு இங்கே வந்து சேர வேண்டும். ஒரு பிடி சீனி போட்டு அனுப்பினாலும் உங்கள் சம்பிரதாயம் நிறைவேறும்.

மாதா உங்கள் இருவரையும், தட்டின் விளிம்பையும் காப்பாராக.

பி.கு.: இதை வாசித்த ஞானமலர், "மேசையிலை குறையிறது தட்டோ, அக்காவோ?" என்றாள். ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள். தட்டை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. அதை எடுக்கிற சாட்டில் நான் பியர்ஃபித்துக்கு வரலாம், அரியதரமும் சாப்பிடலாம். கையெழுத்துப் போட்டால், நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லுவார். ஆகவே பேர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.