தலைவரைக் கரை சேர்த்த கதை

மேடையில் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கட்சியில் இருப்பவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கட்சிக்காரன் என்றால் வாய் இருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு நினைப்பு. உண்மையில் ஒரு கூட்டம் நடக்க ஒரு வாய் போதும். கைகள்தான் முப்பது வேண்டும். அந்த முப்பதில் இரண்டு என்னுடையவை.

நான் அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவன். படிப்பு ஐந்தாவது வரை. ஒரு தேர்தலின்போது யாரோ கொடிக் கயிறு கட்டக் கூப்பிட்டார்கள். நான் கட்டிய கொடி அடுத்த தேர்தல் வரை அவிழவில்லை. (மூட்டைக்காரன் முடிச்சு அப்படித்தான்.) அதிலிருந்து கட்சியும் என்னை அவிழ்த்து விடவில்லை. போஸ்டர் ஒட்டினேன், நாற்காலி போட்டேன், டிங்கிப் படகில் ஆட்களை ஏற்றி இறக்கினேன். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது மனப்பாடம். ஓட்டுக் கேட்க மட்டும் வராது. வாசலில் நின்று தலையைச் சொறிவேன். அவர்களே இரக்கப்பட்டு, "சரி மாரி, போட்டுடறோம், போ" என்பார்கள்.

இப்படி இருந்தவனுக்கு ஒரு நாள் போர்ட் பிளேரிலிருந்து தலைவரே போன் செய்தார்.

"மாரி, இந்தத் தடவை உன்னைத்தான் மண்டலச் செயலாளரா போடறேன். லெட்டர் அடிச்சாச்சு. பத்தாந்தேதி கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என் கையால தர்றேன்."

நான் "சரிங்க தலைவரே" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. என் மனைவி பார்வதிக்கு வந்தது. அன்றைக்கே கடைக்குப் போய் எனக்கு வெள்ளைச் சட்டை எடுத்தாள்.

"தாசில் ஆபீஸ்ல இனிமேயாவது உங்களை 'ஏ மஸ்தூர், இதர் ஆ'ன்னு கூலிக்காரனைக் கூப்பிடற மாதிரி கூப்பிடாம இருப்பானுங்க" என்றாள். தெருவில் நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவுக்கு மதுரைக்கே போன் போட்டுச் சொன்னாள். எனக்கு அந்தப் பதவி எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது.

கூட்டம் நடக்க இருந்தது கழிமுகத்துக்கு அக்கரையில் உள்ள ஒரு சின்னக் குடியிருப்பில். டிங்கியில் இருபது நிமிடம். அங்கே ஜெட்டி கிடையாது. கடல் தண்ணீர் ஏறும் ஏற்றத்தில் போனால் படகு கரையிலேயே முட்டி நிற்கும். அது இறங்கும் வற்றத்தில் போனால் கரைக்கு முன்னால் முழங்கால் ஆழச் சேறு. அதனால் ஏற்றம் பார்த்துக் காலை பத்து மணி என்று நான்தான் வைத்தேன். தலைவர் முந்தின நாளே வழியில் உள்ள ரங்கத் வந்து தங்கிவிட்டார்; காலையில் கிளம்பினால் நேரத்துக்கு வந்துவிடலாம்.

பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். ரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டர் வீட்டில் தலைவர் நண்டு சாப்பிடுவதாகத் தெரிந்தது.

"மாரி, ஒண்ணும் அவசரமில்லையே?" என்றார், வாயில் நண்டோடு.

இந்த இடத்தில் வாயுள்ள ஒருவன், "தலைவரே, தண்ணி இறங்கிடும், உடனே வாங்க" என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது இது: "இல்லைங்க தலைவரே, மெதுவா சாப்பிட்டுட்டு வாங்க."

மெதுவாகவே சாப்பிட்டுவிட்டு வந்தார். நாங்கள் டிங்கியில் ஏறும்போது மணி மூன்று. எங்கள் படகுக்காரர் நிமாய் தாதா, வங்காளி (தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்), தண்ணீரைப் பார்த்தே மணி சொல்கிறவர். பாதி வழியிலேயே என்னை முறைக்க ஆரம்பித்தார். கரைக்கு ஐம்பது அடி இருக்கும்போது படகு சேற்றில் உட்கார்ந்தது.

"கதம், மாரி பாய்" என்றார். "போட் இனிமே நஹி ஜாயேகா. ராத் எட்டு பஜே தண்ணி வரும். தப் தக் பைட்டோ." படகு இனி நகராது, எட்டு மணி வரை உட்கார வேண்டியதுதான்.

தலைவர் கரையைப் பார்த்தார். அங்கே மாலை, மேளம், ஆரத்தித் தட்டு, இருநூறு பேர், செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள். பிறகு தன் வேட்டியைப் பார்த்தார். கரை போட்ட பட்டு வேட்டி. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் இறங்கி, முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

அவர் எண்பது கிலோ இருப்பார். சட்டைப் பையில் என் லெட்டரும் இருந்தது. அதற்கு எடை இல்லை. குழந்தையை உப்புமூட்டை தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, சேற்றில் அடி வைத்தேன். நன்றாகவே நடந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சேற்றில் பாரத்தோடு நடப்பது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வித்தை.

"பாத்துடா மாரி" என்றார் காதோரம்.

"பயப்படாதீங்க தலைவரே. சிமெண்டே தூக்கியிருக்கேன்" என்றேன். (அன்றைக்கு நான் பேசிய மிக நீளமான பேச்சு.)

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூட்டையைச் சுமந்து போகிறவன், மூட்டைகள் அடுக்கிய அட்டியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அட்டி மேல் நிற்பவன் பின்னால் இருந்து மூட்டையைப் பிடிப்பான். பிடித்ததும் பாரம் பின்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு வந்த நொடியில் கையை விட்டுத் தோளைச் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே நிற்பவனும் சேர்ந்து விழுவான். விட்டதும், அடுத்த மூட்டைக்கு "தூஸ்ரா!" என்று கத்த வேண்டும். இருபது வருடம் ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் செய்தால், அது மூளையில் இருக்காது; இடுப்பில் இருக்கும்.

கரைக்கு இன்னும் நாலடி. மேளம் ஓங்கியது. "தலைவர் வாழ்க" என்றது கூட்டம். இருநூறு பேர் என்னையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். செல்போன்களைப் பார்த்தார். அவர் இடுப்பிலும் முப்பது வருடப் பழக்கம் ஒன்று இருந்தது. என் கழுத்திலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தலைக்கு மேல் குவித்து, வணக்கம் வைத்தார்.

பாரம் பின்பக்கம் இழுத்தது.

நான் விட்டேன். தோளைச் சரித்தேன். சுத்தமான இறக்கம், என்னுடைய மேஸ்திரி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். பின்னால் 'சொத்' என்று ஒரு சத்தம். நான் நிமிர்ந்து, திரும்பாமலே படகுக்குக் கேட்கும்படி உரக்கக் கத்தினேன்:

"தூஸ்ரா!"

படகில் இன்னும் இறங்காமல் இருந்த தலைவரின் உதவியாளர், "ஐயோ, நான் வரலை!" என்று நிமாய் தாதாவைக் கட்டிக்கொண்டார்.

மேளம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தலைவர் மார்பு வரை கருப்புச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள், சுற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி சுற்றியே விட்டாள்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வேட்டி வரவில்லை. அப்போதுதான் கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் சுந்தரம் ஓடி வந்தான். கட்சியில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவன். அதுவும் கூட்டத்துக்கு டீ சப்ளை கிடைக்கும் என்று சேர்ந்தவன். கொடியில் காய்ந்த தன் நீலக் கட்டம் போட்ட லுங்கியை உருவி வந்து, தலைவரை மறைத்துப் பிடித்தான். கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினான்.

அரை மணி கழித்துத் தலைவர் லுங்கியோடு மேடை ஏறினார். நான் மேடைக்குக் கீழே, மைக்கின் ஒயர் பிடுங்கிக்கொள்ளாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காலை ஏற்றத்திலேயே வந்துவிட்ட பார்வதி முதல் வரிசையில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் வெள்ளைச் சட்டை இப்போது வெள்ளை இல்லை.

பேச்சு முடிவில் தலைவர் லெட்டரை எடுத்தார். எடுத்தார் என்றால், சேற்று உருண்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே இருந்த என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன்.

"பதவி பெரிசில்ல, மானம்தான் பெரிசு!" என்றார் மைக்கில். "இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்துனவர் தம்பி சுந்தரம். இனிமே அவர்தான் உங்க மண்டலச் செயலாளர்!"

கூட்டம் கை தட்டியது. கெட்டிலோடு நின்ற சுந்தரம், "அண்ணே, நான் லுங்கிதானண்ணே குடுத்தேன்" என்றான். அது யார் காதிலும் விழவில்லை. நானும் கை தட்டினேன். அதில் ஒயர் பிடுங்கிக்கொண்டு மைக் செத்தது.

ராத்திரி தண்ணீர் ஏறித் திரும்பி வருகையில் பார்வதி படகில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பாதிக் கழிமுகம் தாண்டியதும் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பார்வதி, அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த தடவையா? தூஸ்ராவா?" என்றாள். அதற்கு மேல் முடியாமல் நிமாய் தாதாவின் படகே ஆடும்படி சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது கொஞ்சம் அழவும் செய்தாள் என்று நினைக்கிறேன்.

சுந்தரம் இன்றும் மண்டலச் செயலாளர்தான். நல்ல பையன். லெட்டர்பேடில் கையெழுத்துப் போடுவான். என்ன எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொள்வான். கொடி நான்தான் கட்டுகிறேன். தலைவரும் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. மாயாபந்தர் பக்கம் கூட்டம் என்றால் மட்டும் முதலில் தண்ணீர் நேரத்தைக் கேட்கிறார்.

போன வாரம் என் மூன்று வயதுப் பேத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போனேன். எதிரே வந்த பள்ளிக்கூட வாத்தியார், "பாப்பா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றார். குழந்தை என் கழுத்தை மூச்சு முட்ட இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மாட்டேன். கும்பிட்டா தாத்தா போட்டுடுவாரு."