தாளிச்ச என்சைம்

சூலூர்ல ஒரு ஸ்கூலுக்கு டெமோ கிளாஸ் எடுக்கப் போனேன். பயாலஜி டீச்சர் வேலை. ரொம்ப நாளா ஊட்ல சும்மா இருக்கேன், இந்த வேலை எனக்குக் கட்டாயம் வேணும்.

பாடம் என்சைம். பச்சை உருளைக்கெழங்கு மேல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்துனா, கெழங்குல இருக்கற என்சைம் அதை உடைச்சு நுரையைப் பொங்க வெக்கும். கெழங்கை நறுக்கி டிபன் டப்பால போட்டுக்கிட்டு கோயமுத்தூர்ல பஸ் ஏறியாச்சு.

ஸ்கூலுக்குப் பக்கத்துலயே அத்தை ஊடு. சேலை மாத்திக்கலாம்னு நுழைஞ்சேன்.

"ஏனம்மணி, வேலைக்குப் போற புள்ள சாப்புடாம போறதாவது!"

இட்லி தின்னு, சேலை கட்டி, கண்ணாடி முன்னாடி "குட் மார்னிங் ஸ்டூடண்ட்ஸ்" சொல்லிப் பாத்துட்டு வந்தா, டப்பா பையில தயாரா இருந்துச்சு. தொட்டேன், சுட்டுச்சு. வெயில்னு நெனைச்சுக்கிட்டேன். காலங்காத்தால, ஊட்டுக்குள்ள! எம்.எஸ்சி. மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

கிளாஸ்ல கடைசி பெஞ்சுல கரஸ்பாண்டன்டும் ஹெச்.எம். அம்மாவும். டப்பாவைத் திறந்தேன்.

மஞ்சள், கடுகு, கருவேப்பிலை!

முன் பெஞ்சுப் புள்ளைங்க மூக்கை உறிஞ்சுதுங்க. இருந்தாலும் ஒரு துண்டை கண்ணாடி டம்ளர்ல போட்டு பெராக்சைடு ஊத்துனேன். ஒரு கடுகு மட்டும் மிதந்துச்சு.

"ஏனுங்க டீச்சர், எப்பப் பொங்குமுங்க?" கரஸ்பாண்டன்ட் கேட்டார்.

"பொங்காதுங்க சார்! வேக வெச்சா என்சைம் செத்துரும். அதைக் காட்டத்தானுங்க இது."

ஹெச்.எம். அம்மா சிரிச்சாங்க. "சரிங்க. பச்சைக் கெழங்கு எங்கீங்க? ரெண்டையும் வெச்சாத்தானுங்களே வித்தியாசம் தெரியும்?"

மாட்டிக்கிட்டேன். "எங்கத்தை பொரியல் செஞ்சுபோட்டாங்க மேடம்."

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. ஹெச்.எம். அம்மா சிரிச்சுக்கிட்டே ஹாஸ்டல் சமையக்கட்டுல இருந்து ஒரு பச்சைக் கெழங்கு வரவெச்சாங்க. நறுக்கிப் போட்டு ஊத்துன உடனே நுரை டம்ளரை விட்டு வழிஞ்சு மேசையெல்லாம் ஓடுச்சு. புள்ளைங்க போட்ட கூச்சல்! பக்கத்துலயே பொரியல் டம்ளர் கம்முனு கெடந்துச்சு. என்சைமுன்னா என்னன்னு கரஸ்பாண்டன்டுக்கே புரிஞ்சுபோச்சு.

"திங்கக்கெழமை வந்து சேந்துக்குங்க"ன்னுட்டார்.

சந்தோஷம் தாங்காம வாசல்லயே நின்னு அத்தைக்கு போன் போட்டேன். கெழங்கால நான் பட்ட பாட்டையும் ஒண்ணு விடாம சொன்னேன்.

"பின்ன என்ன கண்ணு? அந்தப் பச்சைக் கெழங்கோட போயிருந்தா யாரு வேலை குடுப்பாங்க!"