தொட்டிச் சுவரில் என் மூக்கு

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஏரி குடித்த பூதத்தின் கதையை உங்களுக்குச் சொன்னேன். ஊரில் ஒருவரும் தன்னை உறவு சொல்லிக் கூப்பிடவில்லை என்ற கோபத்தில் பூதம் ஏரியையே குடித்துவிடுகிறது. கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து 'மாமா' என்கிறாள். அதற்கே உருகி அவ்வளவு தண்ணீரையும் துப்பிவிடுகிறது. நீங்கள் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்படிக் கதை கேட்கிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. கதையா கேட்டீர்கள்? என் மூக்கை அல்லவா அளவெடுத்திருக்கிறீர்கள்.

தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது என் உத்தியோகம். அந்தத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில், என் அலுவலக ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, நீங்கள் வரைந்திருக்கிற, ஏரியை உறிஞ்சுகிற பூதத்துக்கு என் மூக்கு, என் காது மயிர், என் கண்ணாடி. பூதத்துக்கு எதற்கய்யா கண்ணாடி? பத்திரிகையில் பேட்டி வேறு: நம் வட்டாரக் கதைகள்தான் உங்கள் ஓவியங்களுக்கு உயிராம். உயிர் கதையுடையது சரி, முகம் யாருடையது?

போன வாரம் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோக, பெண்கள் குடத்தோடு வந்து படத்துக்குக் கீழே நின்று "மாமா, குடிச்சது போதும், துப்பிடுங்க மாமா" என்று கூப்பிட, நான் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறக்க, அத்தனை பேரும் படத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்ப, எங்கள் பொறியாளர் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்க, என் மானம் கப்பலேறிவிட்டது. மறுநாளே கண்ணாடிய மாத்தினேன், பூதம் புதுக் கண்ணாடி போட்டிருக்குன்னு சொல்றாங்க. வீட்டுக்கு வந்து உங்க அத்தைகிட்ட புலம்பினா, பூதமாவது கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்குங்கறா.

என் வயிறு எரிவது மூக்குக்காக இல்லை. அந்தச் சின்னப் பெண்ணை ஏன் வரையவில்லை? கல்யாணமான நாளிலிருந்து நீங்களும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். சார் என்றால் எந்தப் பூதம் துப்பும்? சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். தடுக்க வராதீர்கள்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, சுவர் வெள்ளையான பிறகு.

ஆறாத கோபத்துடன்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் வெள்ளையடிக்கிறவர் வந்துவிட்டார். அந்தக் குடத்துக்காரப் பெண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமாவ எதுக்கு அழிக்கிறீங்க?" என்று மறித்துவிட்டார்கள். ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சின்னப் பெண்ணை வரைய வலது பக்கம் இடம் இருக்கிறது, வாருங்கள். வந்ததும் ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிடுங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.